பனிப் பைக்கின் செயின்: தேர்வு, பொருத்துதல், பராமரிப்பு

மோட்டோகிராஸ் பைக்கின் முன் சக்கரத்தைக் கழற்றி ஒற்றை ஸ்கீயையும், பின் சக்கரத்தையும் அதைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்மையும் கழற்றி ரப்பர் டிராக் பொருத்திய சட்டத்தையும் மாட்டினால், அதே பைக் முழங்கால் ஆழப் பனியில் மலையேறும் வண்டியாகிவிடுகிறது. இதற்கான மாற்றுக் கிட்கள் அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா மாநிலங்களிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, ஆல்பர்ட்டா மாகாணங்களிலும் பரவலாக ஓடுகின்றன. புதிதாக வாங்குகிறவர்கள் டிராக்கின் நீளம், ஸ்கீயின் வடிவம், சஸ்பென்ஷன் ஆகியவற்றைப் பற்றித் துருவித் துருவி விசாரிக்கிறார்கள். எஞ்சினின் சக்தியை டிராக்குக்குக் கொண்டுசேர்க்கும் செயினைப் பற்றி, பெரும்பாலும் அது ஒரு நாள் மலை நடுவே அறுந்த பிறகுதான் விசாரிக்கிறார்கள்.

கோடையில் மண்ணில் ஓட்டும்போது கற்ற செயின் பழக்கங்களில் பாதி பனியில் பொருந்துவதில்லை. தொய்வு அளவு வேறு, எண்ணெய் வேறு, செயினைக் கெடுக்கும் காரணங்களும் வேறு. இந்த வேறுபாடுகளைப் புரிந்துகொண்டுவிட்டால், மற்றதெல்லாம் கைப்பழக்கமாக எளிதில் வந்துவிடும்.

செயின் எங்கே ஓடுகிறது

பெரும்பாலான கிட்களில் சக்தி இரண்டு கட்டமாகப் பயணிக்கிறது. கியர் பாக்ஸிலிருந்து வெளியே நீளும் தண்டில் உள்ள முன் ஸ்ப்ராக்கெட் என்ற பற்சக்கரத்திலிருந்து முதல் செயின் புறப்பட்டு, கிட்டின் சட்டத்தில் குறுக்காகப் பொருத்தப்பட்ட ஜாக்‌ஷாஃப்ட் என்ற இடைத்தண்டைச் சுழற்றுகிறது. அந்த இடைத்தண்டிலிருந்து இரண்டாவது செயின் டிராக்கை இழுக்கும் தண்டுக்குப் போகிறது. இரண்டாவது செயின் சில கிட்களில் வெறும் மறைப்புத் தகட்டுக்குப் பின்னால் திறந்தபடி ஓடும். வேறு சிலவற்றில் ஸ்னோமொபைலில் இருப்பதைப் போல எண்ணெய் நிரப்பி மூடிய பெட்டிக்குள் ஓடும்.

உங்கள் கிட் எந்த வகை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஐடஹோவின் சாண்ட்பாயிண்ட்டில் தொடங்கி 2015இல் போலாரிஸ் நிறுவனத்தின் கைக்கு வந்த டிம்பர்ஸ்லெட்டின் அமைப்பும், 129 அங்குல டிராக்கின் பெயரையே தாங்கிவரும் காம்ஸோ டி.டி.எஸ். 129 கிட்டின் அமைப்பும் ஒன்றல்ல. ஒரே நிறுவனத்தின் கிட்களிலேயே ஆண்டுக்கு ஆண்டு மாற்றம் உண்டு. ஆகவே கிட் எந்த ஆண்டில் தயாரானது என்பதைப் பார்த்து, அந்த ஆண்டுக்கான கையேட்டைக் கையில் வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். இக்கட்டுரையில் நான் தரும் பொது அளவுகளும் கையேட்டின் அளவுகளும் முரண்பட்டால், கையேட்டையே பின்பற்றுங்கள்.

எந்தச் செயினை வாங்குவது

450 சிசி மோட்டோகிராஸ் பைக்குகளில் வழக்கமாக வருவது 520 செயின். இந்த எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. முதல் இலக்கமான 5, செயினின் லிங்க்குகளை இணைக்கும் பின் என்ற சிறு தண்டுகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையிலான தூரம் 5/8 அங்குலம், அதாவது 15.875 மி.மீ. என்பதைக் குறிக்கிறது. அடுத்து வரும் 20, உள் தகடுகளுக்கு இடையிலான அகலம் 2/8 அங்குலம், அதாவது 6.35 மி.மீ. என்பதைக் குறிக்கிறது. பின்களின் இடைத்தூரமும் அகலமும் ஸ்ப்ராக்கெட்டின் பற்களோடு பொருந்த வேண்டியவை என்பதால், ஸ்ப்ராக்கெட்டுகளை மாற்றாமல் செயினின் அளவை மட்டும் மாற்ற முடியாது.

கடையில் கேட்டால் முதலில் இழுவலிமையைப் பற்றித்தான் சொல்வார்கள். அந்த எண்ணுக்கு நான் அதிக மதிப்புத் தருவதில்லை. அதற்கான காரணத்தை ஒரு சிறு கணக்கு காட்டும். 450 சிசி எஞ்சினின் திருப்புவிசை, முதல் கியரில் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு வரும்போது ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடும். 13 பற்கள் கொண்ட 520 ஸ்ப்ராக்கெட்டின் ஆரம் 33 மி.மீ. தான் என்பதால், செயினில் ஏறும் இழுவிசை 6,000 நியூட்டனுக்கு மேல் போகிறது. 600 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு இது சமம். நல்ல தரமான 520 செயின் இதைப்போல் ஐந்து மடங்கைத் தாங்கும். எனவே சரியாகப் பராமரித்த செயின் வெறும் இழுவையால் அறுவது அரிது. அது தேய்ந்தோ, துருப்பிடித்தோ, பனிக்கட்டியில் ஏறியோ, தவறான தொய்வில் ஓடியோ பலவீனப்பட்டு, அதற்குப் பிறகு வரும் ஓர் அதிர்ச்சியில் அறுகிறது. ஆகவே தேய்மானத்தையும் ஈரத்தையும் தாங்கும் செயின் எது என்றுதான் கேட்டு வாங்க வேண்டும்.

இங்கேதான் ஓ-ரிங், எக்ஸ்-ரிங் என்ற பேச்சு வருகிறது. இவ்வகைச் செயின்களில் உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் இடையே சிறு ரப்பர் வளையங்கள் இருக்கும். தொழிற்சாலையில் பின்னுக்கும் அதைச் சூழ்ந்த புஷ் என்ற சிறு குழாய்க்கும் இடையே ஏற்றிய கிரீஸை வெளியே விடாமலும், தண்ணீரை உள்ளே விடாமலும் அவை காக்கின்றன. எக்ஸ்-ரிங்கின் குறுக்குவெட்டு நான்கு முனைகளைக் கொண்டிருப்பதால் தகட்டோடு உரசும் பரப்பு குறைவு, உராய்வும் குறைவு. வளையமே இல்லாத சாதாரண மோட்டோகிராஸ் செயின் இவற்றைவிட எடை குறைந்தது, விலையும் குறைந்தது. ஆனால் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அதன் பின்களுக்குள் எண்ணெய் இறங்கியாக வேண்டும்.

திறந்தபடி ஓடும் செயினுக்கு எக்ஸ்-ரிங் வகையையே நான் பரிந்துரைக்கிறேன். பனிப் பைக்கில் செயின் நாள் முழுவதும் நனைந்துகொண்டே இருக்கிறது. எஞ்சினின் வெப்பத்தில் பனி உருகுகிறது, வண்டி நின்றதும் மறுபடி உறைகிறது. இந்தச் சுழற்சியில் வளையமில்லாத செயினின் எண்ணெய் சில மணி நேரத்திலேயே கழுவப்பட்டுவிடும். பந்தயத்தில் ஓட்டுகிறவர், ஒவ்வொரு கிராம் எடையையும் கணக்கிட்டுச் செயினை அடிக்கடி மாற்றுகிறவர் என்றால் சாதாரண வகை சரியாக இருக்கலாம். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் மலைப்பயணிக்கு அது ஏற்றதல்ல. எண்ணெய்ப் பெட்டிக்குள் ஓடும் செயினின் நிலை வேறு: அங்கே எண்ணெய் எப்போதும் பின்களை நனைத்துக்கொண்டிருப்பதால் வளையங்களுக்கு வேலையில்லை. அந்தப் பெட்டிக்கு நிறுவனம் என்ன வகை குறிப்பிட்டிருக்கிறதோ அதையே போடுங்கள்.

எக்ஸ்-ரிங் செயினை வாங்குமுன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். வளையங்களுக்கு இடம் வேண்டியிருப்பதால் இந்தச் செயினின் பின்கள் சாதாரணச் செயினின் பின்களைவிடச் சற்று நீளமானவை. மோட்டோகிராஸ் எஞ்சின்களில் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் எஞ்சின் உறைக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகக் குறுகியது. செயினைச் சுற்றிப் போட்டு, டிராக்கைக் கையால் மெல்லச் சுழற்றி, செயினின் இரு முனைகளையும் சேர்க்கும் இணைப்பு லிங்க்கின் பின்னுடைய முனை எங்காவது உரசுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். உறையின் பெயின்ட்டில் கோடு விழுந்தாலும் அந்தச் செயின் உங்கள் வண்டிக்கு உதவாது.

பிராண்டைப் பொறுத்தவரை டி.ஐ.டி., ஆர்.கே., ஈ.கே., ரெஜினா போன்ற பழகிய பெயர்களில் எதை வாங்கினாலும் குறையில்லை. தகட்டில் நிறுவனத்தின் பெயரும் அளவும் தெளிவாக முத்திரையிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, அறிந்த கடையில் வாங்குங்கள். சந்தேகம் தரும் அளவுக்கு விலை குறைந்த செயினை, கைபேசி சிக்னல் கூடக் கிடைக்காத மலைக்கு எடுத்துச் செல்லக் கூடாது.

இணைப்பு லிங்க்: கிளிப்பா, ரிவெட்டா

சிறு தகட்டைச் செருகிப் பூட்டும் கிளிப் லிங்க்கைக் கையாலும் பிளையராலும் மாட்டிவிடலாம். பின்னின் முனையை நசுக்கி விரித்துப் பூட்டும் ரிவெட் லிங்க்குக்குத் தனிக் கருவி வேண்டும். ஆனாலும் எஞ்சினுக்கு அருகில் ஓடும் முதல் செயினுக்கு ரிவெட் நல்லது என்பது என் முடிவு. மறைப்புத் தகட்டுக்கும் செயினுக்கும் நடுவே இறுகும் பனிக்கட்டி, செயின் ஒவ்வொரு முறை கடக்கும்போதும் கிளிப்பை உரசுகிறது. ஒரு நாள் அதைத் தட்டிக் கழற்றியும் விடுகிறது.

கிளிப்தான் கிடைத்தது என்றால், அதன் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். எது ஓடும் திசை என்பதில் இரண்டாவது செயினைப் பொறுத்தவரை பலருக்குக் குழப்பம் வருகிறது. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி டிராக்கை முன்னோக்கிப் போகும் திசையில் கையால் சுழற்றிப் பார்த்துவிட்டால் ஐயம் தீரும். மாட்டிய பின் கிளிப், பின்னின் பள்ளத்துக்குள் முழுமையாக உட்கார்ந்திருக்கிறதா என்று நகத்தால் தள்ளிப் பாருங்கள். பிறகு அதன்மேல் சிலிக்கான் பசையைச் சிறிது தடவி உலர விடலாம். மெல்லிய கம்பியால் கட்டுகிறவர்களும் உண்டு.

பொருத்தும் முறை

எஞ்சினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, டிராக் தரையைத் தொடாதபடி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் எந்த வேலையையும் எஞ்சின் ஓடும்போது செய்யக் கூடாது. ஓடும் செயினுக்கு எண்ணெய் விடப்போய் ஸ்ப்ராக்கெட்டில் விரலைக் கொடுத்தவர்கள் பைக் உலகில் குறைவல்ல.

பழைய செயினைக் கழற்றியதும் முதலில் ஸ்ப்ராக்கெட்டுகளைப் பாருங்கள். புதிய பல்லின் இரு பக்கமும் ஒரே சாய்வில் இருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கம் குடைந்து, அரிவாள் நுனிபோல் வளைந்திருக்கும். அப்படி வளைந்த ஸ்ப்ராக்கெட்டில் புதிய செயினைப் போட்டால், அந்தச் செயின் தன் ஆயுளில் பாதியை அங்கேயே இழந்துவிடும். தேய்ந்த செயினைப் புதிய ஸ்ப்ராக்கெட்டில் ஓட்டினாலும் இதே கதிதான். செலவு கூடுதல் என்றாலும் செயினையும் அது தொடும் இரு ஸ்ப்ராக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள்.

அடுத்தது நேர்கோடு. ஜாக்‌ஷாஃப்ட்டின் ஸ்ப்ராக்கெட்டும் எஞ்சினின் ஸ்ப்ராக்கெட்டும் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். கிட்டோடு வரும் பொருத்துதுண்டுகளும் வாஷர்களும் உங்கள் பைக் மாடலுக்கென்றே அளவெடுத்தவை; ஒரு வாஷர் பக்கம் மாறிவிட்டாலே ஸ்ப்ராக்கெட் விலகிவிடும். நேரான இரும்பு அடிக்கோலைப் பெரிய ஸ்ப்ராக்கெட்டின் முகத்தில் ஒட்டவைத்து, அதன் மறுமுனை சிறிய ஸ்ப்ராக்கெட்டின் முகத்தோடு எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். சிறிது காலம் ஓடிய செயினில் உள் தகடுகளின் ஒரு பக்கம் மட்டும் பளபளவெனத் தேய்ந்திருந்தால், அது நேர்கோடு தவறியதற்கான அடையாளம்.

செயினின் நீளத்தை எண்ணிக்கையால் முடிவு செய்யாமல் வண்டியில் வைத்தே முடிவு செய்யுங்கள். இறுக்கும் அமைப்பை, செயின் மிகத் தளர்ந்து நிற்கும் தொடக்க நிலைக்கு அருகில் வைத்து, செயினைச் சுற்றிப் போட்டு, வெட்ட வேண்டிய பின்னைக் குறித்துக்கொள்ளுங்கள். தேய்மானம் கூடக்கூட இறுக்குவதற்கு இடம் மிச்சமிருக்க வேண்டும் அல்லவா? இணைப்பு லிங்க்கையும் சேர்த்து லிங்க்குகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும். ஒற்றைப்படையைச் சரிக்கட்டும் அரை லிங்க்கைப் பயன்படுத்தாதீர்கள். அதன் வளைந்த தகடுதான் அந்தச் செயினிலேயே பலவீனமான இடம். முன் ஸ்ப்ராக்கெட்டின் நட்டு அல்லது போல்ட்டைக் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, கையேடு சொன்னால் மரை தளராமல் பிடிக்கும் பசையான திரட்லாக்கரும் இடுங்கள்.

தொய்வு: அதிகம் தவறு நடக்கும் இடம்

மண்ணில் ஓடும் பைக்கின் கையேடு, செயினுக்கு 35 முதல் 60 மி.மீ. வரையிலான ஏதோ ஓர் அளவில் தொய்வு விடச் சொல்லும். அது ஸ்விங் ஆர்ம் மேலும் கீழும் ஆடுவதற்காக விடப்படும் தொய்வு. ஆர்ம் ஆடும்போது முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையிலான தூரம் மாறுகிறது. இரண்டும் ஆர்மின் அச்சும் ஒரே கோட்டில் வரும்போது தூரம் மிக அதிகமாகிறது. அந்த நேரத்தில் செயின் விறைத்துவிடக் கூடாது என்பதற்கே அவ்வளவு தாராளம்.

கிட் பொருத்திய பைக்கில் ஸ்விங் ஆர்மே கிடையாது. டிராக்கின் சட்டம் ஸ்விங் ஆர்ம் இருந்த அச்சிலும் ஷாக் அப்சார்பர் இருந்த இடத்திலும் பைக்கின் சட்டத்தோடு இறுகப் பிணைக்கப்படுகிறது; ஆடுவதெல்லாம் டிராக்குக்குள் இருக்கும் சஸ்பென்ஷன்தான். எனவே பெரும்பாலான கிட்களில் முதல் செயினின் இரு முனைத் தண்டுகளுக்கு இடையிலான தூரம் மாறுவதே இல்லை. பைக்கின் கையேட்டில் உள்ள தொய்வு அளவை இங்கே கொண்டுவந்தால், செயின் தளர்ந்து சாட்டைபோல் அடித்து, பற்களின்மேல் தாவி, கடைசியில் கழன்று முன் ஸ்ப்ராக்கெட்டில் சுருண்டு எஞ்சின் உறையையே உடைத்துவிடும். அப்படி உடைந்த உறையிலிருந்து எண்ணெய் முழுவதும் வடிந்துவிட்டால், அந்த வண்டியை மலையிலிருந்து இறக்குவது பெரும்பாடு.

தூரம் மாறாத செயின்களுக்கு இயந்திரத் துறையில் ஒரு பொது விதி உண்டு: நடுவில் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் கிடைக்கும் மொத்த அசைவு, இரு தண்டுகளின் இடைத்தூரத்தில் 2 முதல் 4 சதவீதம் இருக்க வேண்டும். இடைத்தூரம் 300 மி.மீ. என்றால் அசைவு 6 முதல் 12 மி.மீ. மட்டுமே. உங்கள் கிட்டின் கையேடு தனியளவு தந்திருந்தால் அதையே வையுங்கள். தராவிட்டால் இந்த விதி கைகொடுக்கும்.

அளக்கும் முறை இது. பல்லிடுக்கில் பனிக்கட்டி துளியும் இல்லாதபடி முதலில் சுத்தம் செய்யுங்கள். டிராக்கைக் கையால் மெல்லச் சுழற்றிக்கொண்டே, சில அங்குலத்துக்கு ஒருமுறை செயினை விரலால் அழுத்திப் பாருங்கள். ஸ்ப்ராக்கெட்டின் சிறு கோணலாலும் சீரற்ற தேய்மானத்தாலும் செயின் ஓரிடத்தில் மற்ற இடங்களைவிட இறுக்கமாக இருக்கும். தொய்வை அந்த இறுக்கமான இடத்தில் வைத்தே அளக்க வேண்டும். தளர்ந்த இடத்தில் அளந்து இறுக்கினால், இறுகிய இடம் வரும்போதெல்லாம் கியர் பாக்ஸ் தண்டின் பேரிங்கும் ஆயில் சீலும் அடிவாங்கும். அந்தச் சீலைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு தென்பட்டால், செயின் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வெதுவெதுப்பான கராஜில் வைத்த தொய்வு மைனஸ் 20 டிகிரியில் மாறிவிடாதா என்று கேட்கிறார்கள். கிட்டின் சட்டம் அலுமினியம் என்றால் அது எஃகுச் செயினைவிடச் சற்று அதிகமாகச் சுருங்கும், 300 மி.மீ. தூரத்தில் 40 டிகிரி வேறுபாட்டுக்கு இந்த வித்தியாசம் 0.15 மி.மீ. அளவில்தான் வரும். அதுவும் செயினைத் தளர்த்தும் பக்கம்தான் போகும். ஆகவே கராஜிலேயே நிதானமாக அளந்து வைப்பதில் தவறில்லை.

புதிய செயின் முதல் பயணத்தில் சற்றுத் தளரும். முதல் ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின் ஒருமுறையும், அன்று மாலை மீண்டும் ஒருமுறையும் பாருங்கள். அதன் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் ஒரு பார்வை போதும்.

பனிக்கட்டியோடு ஓட்டுதல்

பனி ஸ்ப்ராக்கெட்டின் பற்களுக்கு இடையே அடைந்து இறுகினால் செயின் பல்லின் அடிவரை இறங்காமல் உயரத்தில் ஓடும். ஸ்ப்ராக்கெட் திடீரெனப் பெரிதானதற்கு இது சமம். காலையில் சரியாக இருந்த தொய்வு ஒரே நிமிடத்தில் காணாமல் போகும். இதனால்தான் செயின் மறைப்பில் பனி வெளியேறும் வழிகள் திறந்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு இடைவேளையிலும் பார்க்க வேண்டும். அடைந்ததைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். சுத்தியலால் தட்டுவது வளையங்களைக் கிழிக்கும். வெந்நீர் ஊற்றினால் சற்று நேரத்தில் அதுவே புதிய பனிக்கட்டியாகிவிடும்.

செயின் அறும் சம்பவங்களில் பல நடப்பது புறப்படும் கணத்தில். மதிய உணவுக்காக நிறுத்திய வண்டியின் டிராக் பனியோடு உறைந்து ஒட்டியிருக்கும். அதை அறியாமல் கியர் போட்டு கிளட்சைச் சடாரென விட்டால், அசைய மறுக்கும் டிராக்குக்கும் சுழலும் எஞ்சினுக்கும் நடுவே மாட்டிக்கொள்வது செயின்தான். நின்ற வண்டியைக் கிளப்புமுன் பின்பக்கத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இருமுறை அசைத்து டிராக்கை விடுவித்துவிடுங்கள். இரவில் நிறுத்துவதானால், ஸ்டாண்டில் ஏற்றி டிராக்கைச் சுழற்றிப் பனியை உதறிய பிறகு, இரண்டு மரப்பலகைகளின்மேல் நிறுத்துங்கள்.

கடுங்குளிரில் ஓ-ரிங்கின் ரப்பரும் விறைத்துப்போகும். எஞ்சினைச் சூடேற்றிய பின், முதல் சில நிமிடங்கள் மிதமான வேகத்தில் ஓட்டினால் வளையங்கள் இளகிவிடும். எஞ்சினைச் சூடேற்றுவது எல்லோரும் செய்வதுதான். செயினுக்கும் அந்தச் சில நிமிடங்களைக் கொடுப்பவர்கள் குறைவு.

எண்ணெய்

சாலை பைக்குகளுக்கு விற்கும் கெட்டியான செயின் மெழுகைப் பனியில் தவிர்த்துவிடுங்கள். குளிரில் அது இறுகி உதிர்கிறது. இறுகுமுன் பனித்துகள்களைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மெல்லிய, குளிருக்கென்றே தயாரிக்கப்பட்ட செயற்கை எண்ணெய் வேண்டும். கியர் ஆயில் பயன்படுத்தும் பழக்கம் உள்ளவர்கள் டப்பாவின்மேல் உள்ள எண்ணைப் படிக்கட்டும். 75டபிள்யூ என்றால் அந்த எண்ணெய்யின் பிசுபிசுப்பு மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வரை வரம்புக்குள் இருக்கும். 80டபிள்யூ என்றால் மைனஸ் 26 வரைதான். ஆகவே கோடையில் நன்றாக வேலை செய்த 80டபிள்யூ-90, ஆல்பர்ட்டாவின் ஜனவரிக் காலையில் கைவிட்டுவிடலாம், 75டபிள்யூ-90 தாங்கும்.

ஸ்ப்ரே வாங்கியிருந்தால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். பழைய செயின் துண்டொன்றில் அதை அடித்து, காகிதத்தில் சுற்றி, மைனஸ் 18 டிகிரியில் உள்ள ஃபிரீசரில் ஓர் இரவு வையுங்கள். காலையில் எடுத்து உடனே மடக்கிப் பாருங்கள். லிங்க்குகள் விறைத்து, மடக்கிய இடத்திலேயே நின்றால் அந்த ஸ்ப்ரே பனிக்கு ஆகாது.

எண்ணெய் இடும் நேரம் பயணம் முடிந்த மாலை; செயினில் இளஞ்சூடு இருக்கும்போதே. குளிர்ந்த வண்டியை வெதுவெதுப்பான கராஜுக்குள் கொண்டுவந்ததும், காற்றின் ஈரம் அதன் உலோகம் முழுவதிலும் வியர்த்து நிற்கும். அந்த ஈரத்தின்மேல் எண்ணெய் இட்டால் அது தண்ணீரை உள்ளே வைத்து மூடிவிடும். எனவே முதலில் பனியை உருகி வடிய விடுங்கள், பழந்துணியால் துடையுங்கள், நீரை வெளித்தள்ளும் மெல்லிய ஸ்ப்ரேயை அடித்து மறுபடி துடையுங்கள். பிறகே எண்ணெய். கீழ்ப்பக்கச் செயினின் உட்புறத்தில், தகடுகள் சந்திக்கும் இரு ஓரங்களிலும், டிராக்கைக் கையால் சுழற்றிக்கொண்டே மெல்லிய கோடாக இடுங்கள். கால் மணி நேரம் கழித்து மேலே நிற்கும் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். நீர்விலக்கும் ஸ்ப்ரேயையே எண்ணெய்யாக எண்ணி அதோடு நிறுத்திவிடாதீர்கள். அது சீக்கிரம் ஆவியாகிவிடும்.

அழுக்கேறிய ஓ-ரிங் செயினை மண்ணெண்ணெய்யில் நனைத்த மென்மையான தூரிகையால் சுத்தம் செய்யலாம். பெட்ரோலும் கம்பித் தூரிகையும் உயரழுத்த நீரும் வளையங்களைக் கெடுக்கும். இன்னொரு எதிரி சாலை உப்பு. குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு, திறந்த டிரெய்லரில் வரும் வண்டியின்மேல் மணிக்கணக்கில் தெறிக்கிறது. பனியில் ஓடிப் பெற்ற துருவைவிட டிரெய்லரில் நின்று பெற்ற துரு அதிகம் என்று சொல்லத்தக்க செயின்கள் உண்டு. வண்டியின்மேல் உறை போடுங்கள். வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான நீரைக் குறைந்த அழுத்தத்தில் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் இடுங்கள்.

எண்ணெய்ப் பெட்டி உள்ள கிட்டில் வேலை குறைவு. எண்ணெய்யின் மட்டத்தைக் கையேடு சொல்லும் இடைவெளியில் பாருங்கள்; குறியைத் தாண்டி நிரப்ப வேண்டாம். எண்ணெய் பால்நிறமாக மாறியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. மாற்றிவிட்டு, கசியும் சீலைத் தேடுங்கள். வடிகால் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். மாவுபோன்ற துகள் இயல்பு. செதில் தென்பட்டால் பெட்டியைத் திறக்க வேண்டும்.

எப்போது மாற்றுவது

கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் அளந்து முடிவு செய்யுங்கள். டிராக்கைப் பிடித்துச் செயினின் ஒரு பக்கத்தை விறைப்பாக்கி, ஒரு பின்னின் நடுவிலிருந்து 20 லிங்க் தள்ளி இருக்கும் பின்னின் நடு வரை அளந்தால், புதிய 520 செயினில் 317.5 மி.மீ. வரும். ஓ-ரிங், எக்ஸ்-ரிங் செயின்கள் 1 சதவீதம் நீண்டு 320.7 மி.மீ. தொட்டதுமே மாற்றிவிடுவது நல்லது; அந்த அளவுக்கு நீண்டதென்றால் உள்ளே கிரீஸ் போய்விட்டது என்றே கொள்ளலாம். வளையமில்லாத செயினுக்கு 2 சதவீதம், அதாவது 323.9 மி.மீ. கடைசி எல்லை. முதல் செயின் குட்டையாக இருந்து 20 லிங்க் கிடைக்காவிட்டால் 10 லிங்க்கை வெர்னியர் காலிப்பரால் அளங்கள்: புதிதில் 158.75 மி.மீ., 1 சதவீதத்தில் 160.3 மி.மீ. மூன்று வெவ்வேறு இடங்களில் அளந்து, அதிகம் நீண்ட இடத்தையே கணக்கில் கொள்ளுங்கள்.

அளவு சரியாக இருந்தும் மாற்ற வேண்டிய நேரங்கள் உண்டு. ஸ்ப்ராக்கெட்டைச் சுற்றி வந்த பிறகும் நேராகாமல் மடங்கியே நிற்கும் லிங்க், பிய்ந்து வெளியே தொங்கும் வளையம், விரிசல் விட்ட ரோலர் ஆகிய மூன்றில் எது தென்பட்டாலும் தாமதிக்க வேண்டாம். இவற்றோடு தகடுகளின் இடுக்கையும் பாருங்கள். அங்கே செம்பழுப்பு நிறத்தில் நுண்ணிய பொடி வழிந்திருந்தால், அந்தப் பின் எண்ணெய்யின்றி உலர்ந்து அரைபடுகிறது. மற்ற லிங்க்குகள் புதிதுபோல் பளபளக்கும்போது ஓரிரண்டில் மட்டும் இந்தப் பொடி இருக்கும். செயின் அறும்போது அந்த இடத்தில்தான் அறும்.

வசந்தத்தில் கிட்டைக் கழற்றிச் சக்கரங்களை மாட்டும்போது, கிட்டின் செயினைக் கழுவி, உலர்த்தி, எண்ணெய்யிட்டு, தனிப் பையில் போட்டு, அதன் நீளத்தையும் அன்று எடுத்த தேய்மான அளவையும் சீட்டில் எழுதி உடன் வையுங்கள். சக்கரத்துக்கு ஒன்று, டிராக்குக்கு ஒன்று என இரண்டு செயின்கள் தனித்தனியே இருக்கட்டும். நவம்பரில் மறுபடி மாட்டும்போது அந்தச் சீட்டே இன்னொரு பருவம் ஓடுமா, புதிது வாங்க வேண்டுமா என்பதைச் சொல்லிவிடும்.

முதுகுப்பையில் இருக்க வேண்டியவை

பனிச்சரிவு மீட்புக் கருவிகளான டிரான்ஸீவர் (புதைந்தவரைத் தேட உதவும் சிக்னல் கருவி), மண்வாரி, புரோப் (பனிக்குள் குத்தித் தேடும் நீண்ட கம்பு) ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகச் செயின் கருவிகளுக்கும் இடம் ஒதுக்குங்கள். சிறிய செயின் பிரேக்கர், நோஸ் பிளையர், உங்கள் செயினின் அதே மாடலுக்குரிய இரண்டு கிளிப் லிங்க்குகள், மெல்லிய கம்பி, தொய்வைச் சரிசெய்யும் ஸ்பானர் ஆகியவை போதும். வழியில் போடும் தற்காலிக இணைப்புக்கு ரிவெட் லிங்க் உதவாது. பனியில் கீழே விழும் கிளிப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம் என்பதால் வண்டிக்கு அடியில் ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையைக் கையுறையோடு வீட்டிலேயே ஒருமுறை செய்து பழகிவிடுவது நல்லது.

செயின் அறுந்தால் உடனே புதிய லிங்க்கைப் போட்டுக் கிளம்பிவிடாதீர்கள். முன் ஸ்ப்ராக்கெட்டின் மறைப்பைத் திறந்து, உடைந்த துண்டு எதுவும் சிக்கியிருக்கிறதா, எஞ்சின் உறையில் விரிசலோ எண்ணெய்க் கசிவோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உறை நன்றாக இருந்தால் மட்டும் இணைத்து, தொய்வைச் சரிபார்த்து, மெதுவாக இறங்குங்கள். அன்றைய ஏற்றம் அத்தோடு முடிந்தது.

அறுந்த இடத்தில் சேர்க்க ஒரு துண்டுச் செயினும் வேண்டும். அதற்குப் பழைய செயினிலிருந்து வெட்டக் கூடாது. நீண்டுபோன லிங்க்குகள் பற்களில் சரியாக உட்காரமாட்டா. மோட்டோகிராஸ் செயின்கள் பெரும்பாலும் 120 லிங்க் நீளத்தில் விற்கப்படுகின்றன. கிட்டுக்குத் தேவைப்படுவது அதைவிடக் குறைவு என்றால், பொருத்தும் நாளில் வெட்டி எடுக்கும் மிச்சத் துண்டே பொருத்தமான உதிரி. அதில் ஏழு லிங்க்குகளை, இரு முனையிலும் உள் தகடு வருமாறு வெட்டி, எண்ணெய்யிட்டுச் சிறு பிளாஸ்டிக் உறையில் கிளிப் லிங்க்குகளோடு சேர்த்து வையுங்கள். இரு பக்கமும் கிளிப் லிங்க்கால் இணைக்க அதுவே வசதி.